ரத்தம் கண்டால் கொஞ்சம் பயம்

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் சாலையில், மூன்று வருடத்துக்கு முன்புவரை கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில், மருத்துவராகும் யோக்கியதை யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்று இப்போது பார்த்துச் சொல்கிறார்கள். வாசலில் பெரிய பலகை இருக்கிறது: 'அகில இந்திய மருத்துவ முன்தகுதி மதிப்பீட்டுப் பேரவை, ஆரணி கிளை'. மற்றக் கிளைகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பேரவை பாடம் நடத்தாது, தேர்வு வைக்காது, சீட்டும் வாங்கித் தராது. அதையெல்லாம் செய்கிறவர்கள் வியாபாரிகள் என்று பேரவையின் துண்டறிக்கையிலேயே போட்டிருந்தது. நீட் எழுதி மார்க் வாங்கிவிட்ட பிள்ளைகள், கலந்தாய்வுக்குப் போகிற அளவுக்குத் தங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதைத் தெரிவிப்பது ஒன்றுதான் பேரவையின் பணி.

தனகோடிக்குத் தெரிய வேண்டியிருந்ததும் அந்த ஒன்றுதான். அவர் பட்டுத் தறி நெய்கிறவர். அவர் மனைவி பூங்காவனம் பாவு பிணைக்கிறவர். தறியில் பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கிற வேலை அது. ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் முறுக்கு விழும். இவர்கள் மகள் ஸ்வர்ணலதா அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து நீட்டுக்குத் தயார் செய்து, ஒரு மார்க்கும் வாங்கிவிட்டாள். அந்த மார்க் போதுமா என்பதுதான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் தாராளம் என்றார்கள். செல்போன் கடை ராஜ்குமார், போன வருஷமாக இருந்தால் போதும், இந்த வருஷம் கஷ்டம் என்றான். விசைத்தறி வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதால் போதும், ஆனால் இப்போது எல்லாரும் அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டதால் போதாது என்றார்.

ஒரு சேலையைக் கையில் எடுத்தால் இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. ஒரு பிள்ளையின் மார்க்கைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமலா போகும் என்று தனகோடி நினைத்தார். அப்படி நினைத்தவர் கையில்தான் அந்தத் துண்டறிக்கை வந்து சேர்ந்தது.

முன்பு சந்தனமும் கல்கண்டும் வைத்து வரவேற்கிற இடத்தில் ஜெயப்ரியா என்ற பெண் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். தனகோடி மார்க் அட்டையை நீட்டி, இது போதுமாங்க என்று கேட்டார். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. முகம் சுளித்து, கூசுகிற எதையோ பார்த்துவிட்டவள்போலத் திரும்பிக்கொண்டாள்.

"மார்க்க பத்தி இங்க பேசறதில்லீங்க. மார்க்க யாரு வேணாலும் பாப்பாங்க. நாங்க ஆள பாக்கறோம்" என்று சொல்லி நாலு பக்கப் படிவத்தைக் கொடுத்தாள். அதை நிரப்பி, கீழே அசல் சான்றிதழ்கள் அத்தனையும் வைத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். நகல் செல்லாது. நகல் கொண்டுவருகிற பிள்ளைக்கு நம்பிக்கை போதாது என்பது பேரவையின் கருத்து.

அன்று சாயங்காலம் தறிக்குழியின் ஓரத்தில் உட்கார்ந்து மூவரும் படிவத்தை நிரப்பினார்கள். அந்த வீட்டின் அழிவு இங்கேதான் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவரும் தனகோடிதான் என்பதால், அவருடைய பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

தனகோடி நெய்கிற சேலையை முதலாளி கடையில் மாணிக்கவேல் என்பவர் பிரித்துப் பார்த்து, குறை இருந்தால் எழுதி, கூலியில் கொஞ்சம் பிடிப்பார். குறை இல்லாவிட்டாலும் அவர் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாதவரை முதலாளி எதற்கு வைத்திருக்கப் போகிறார்? ஆகவே சேலை சுத்தமாக இருந்தால் அவர் விளக்குக்கு நேராகப் பிடித்து, அங்குலம் அங்குலமாகத் தடவி, ஜரிகையைச் சுரண்டி, கடைசியில் பெரிதாக எதையாவது கண்டுபிடித்து வைப்பார். இதற்குத் தனகோடி இருபது வருடத்துக்கு முன்பே ஒரு வழி செய்துகொண்டார். முந்திக்கு நாலு விரல் கீழே ஓர் இழையின் நுனியை நறுக்காமல் விட்டுவிடுவார். கத்திரியால் ஒரு வெட்டு வெட்டினால் தீர்ந்துபோகிற குறை. மாணிக்கவேல் சேலையைப் பிரித்ததும் அது கண்ணில் படும். "பாத்தியா" என்பார். முகத்தில் ஒரு நிறைவு வரும். அதை எழுதிக்கொண்டு சேலையை மடித்துவிடுவார்.

படிவத்தின் முதல் பக்கத்தில் ஏழாவது கேள்வி, 'ரத்தத்தைக் கண்டால் பயமா?' என்பது. ஸ்வர்ணலதா 'இல்லை' என்று எழுதப் போனாள். தனகோடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமான்னு போடு. கொஞ்சம்னு போடு."

"எனக்குத்தான் பயமே கெடையாதேப்பா. அம்மா கைய அருவாமண அறுத்தப்ப நான்தான கட்டு போட்டேன்?"

"தெரியும்மா. அதான் அத எழுத சொல்றேன். ஒரு கொறைய நாமளே வெச்சிடணும். இல்லன்னா அவங்களா தேடிகினு போயி எதுலயாவது கை வெப்பாங்க. இல்லாத கொறைய எழுதினா நமக்கு இன்னா நஷ்டம்? நாளைக்கு இல்லீங்கன்னா போச்சி."

ஸ்வர்ணலதா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு அழகான கையெழுத்தில் 'கொஞ்சம்' என்று எழுதினாள். பூங்காவனம் மார்க் அட்டை, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே ஓர் அட்டை வைத்து, கழிவுப் பட்டு இழையால் குறுக்கும் நெடுக்கும் கட்டினாள். சாம்பல் தொட்டு மூன்று முறுக்கு, கடைசி முறுக்கு மட்டும் எதிர்ப்பக்கம். பாவு பிணைக்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு முறுக்கு உண்டு, இது அவளுடையது. கட்டின் மேல் படிவத்தைச் செருகிக் கொடுத்தாள்.

பேரவையின் தலைமை மதிப்பீட்டாளர் டாக்டர் லோகநாதன், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் மாப்பிள்ளையுடையதில் உட்கார்ந்திருந்தார். பெண்ணுடையதில் கோப்புகள் இருந்தன. பெற்றோர்களைக் கீழே வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். முதல் நாள் அவர் ஒரு வரவேற்புரை ஆற்றினார்.

"நான் நான்கு முறை மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதியவன். நான்கு முறையும் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவன். இதை நான் பெருமையாகச் சொல்கிறேன். உள்ளே போனவர்கள் வாசலை ஒரு நிமிடம் பார்த்திருப்பார்கள். நான் நான்கு வருடம் பார்த்திருக்கிறேன். வாசலைப் பற்றி யாரிடம் கேட்பீர்கள்?"

எல்லாரும் கை தட்டினார்கள். அதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியதால் தனகோடியும் தட்டினார்.

பிறகு ஸ்வர்ணலதாவின் படிவம் எடுக்கப்பட்டது. லோகநாதன் முதல் பக்கத்தில் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தார். ஏழாவது கேள்வியில் விரல் நின்றது. அவர் முகத்தில் வந்த நிறைவைத் தனகோடி உடனே அடையாளம் கண்டுகொண்டார். மாணிக்கவேல் முகத்தில் மாதம் இரண்டு முறை பார்க்கிற அதே நிறைவு. வேலை முடிந்தது என்று மனைவியின் பக்கம் திரும்பித் தலையாட்டினார்.

மாணிக்கவேலாக இருந்தால் முடிந்துதான் இருக்கும். ஆனால் மாணிக்கவேல் ஒரு நாளைக்கு முப்பது சேலை பார்க்க வேண்டும். பேரவைக்கு அந்த வருடம் சேர்ந்திருந்ததே பதினேழு பிள்ளைகள்தான்.

"கொஞ்சம்" என்று லோகநாதன் மைக்கில் படித்தார். "எவ்வளவு நுட்பமான சொல். கொஞ்சம் என்பது எவ்வளவு? அதை அளக்கத்தான் பேரவை இருக்கிறது."

ஸ்வர்ணலதாவுக்கு ரத்தபய நிவர்த்திப் பயிற்சி விதிக்கப்பட்டது. இரண்டு நிலை, நிலைக்கு ஒரு கட்டணம். பேரவையில் ரத்தம் கிடையாது; ரத்தம் வைத்திருக்க ஆஸ்பத்திரிக்குத்தான் அனுமதி உண்டு, அந்தத் துறையில் தாங்கள் தலையிடுவதில்லை என்று ஜெயப்ரியா விளக்கினாள். அதனால் முதல் நிலை ரோஸ் மில்க். கண்ணாடி டம்ளரில் ஊற்றி மேசைமேல் வைத்துவிடுவார்கள். அதைக் கண் சிமிட்டாமல் கால் மணி நேரம் பார்க்க வேண்டும். இரண்டாவது நிலையில் அரக்கு நிறச் சேலை ஒன்றைத் தண்ணீரில் நனைத்துத் தொட வேண்டும். பிறந்ததிலிருந்து சிவப்புச் சாயம் சொட்டுகிற பட்டு நூலுக்குக் கீழே விளையாடி வளர்ந்தவள் ஸ்வர்ணலதா. அவளைப் போய்ச் சிவப்புச் சேலையைத் தொடச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'பதற்றச் சிரிப்பு' என்று குறித்துக்கொண்டார்கள்.

தனகோடி மேடைக்குப் போய், கும்பிட்டு, அது சும்மா எழுதியதுங்க, பாப்பாவுக்கு ரத்தம் கண்டால் பயமே இல்லைங்க என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். லோகநாதன் படிவத்தை மூடி வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், அப்படியானால் விண்ணப்பத்தில் பொய் எழுதியிருக்கிறீர்கள் என்றார். ரத்தபயப் பயிற்சியோடு 'வாய்மைப் பயிற்சி'யும் சேர்க்கப்பட்டது. பயமே இல்லாமல் பயிற்சி எதற்கு என்று தனகோடி கேட்டார். பயம் இருப்பது பொய்யா, இல்லை என்பது பொய்யா என்று வாய்மைப் பயிற்சி முடிந்த பிறகுதான் தெரியும், அதுவரை இரண்டையும் நடத்துவதே நேர்மை என்று பதில் வந்தது.

ரோஸ் மில்க் பயிற்சிக்கான டம்ளர் ஒன்றுதான் இருந்தது. அதைத் தினமும் மாற்றுவதில்லை. பயிற்சிப் பொருளை யாரும் குடிப்பதில்லை அல்லவா. மூன்றாம் நாள் மேலே ஆடை கட்டி, ஓரத்தில் பச்சையாக ஒரு வளையம் விழுந்திருந்தது. ஈ மொய்த்தது. ஆனி மாத வெயிலில், விசிறி சுற்றாத மணமகன் அறையில், அதற்கு எதிரே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த ஸ்வர்ணலதா எழுந்து ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தாள். ஜெயப்ரியா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய், 'பயம் உறுதி செய்யப்பட்டது' என்று பதிந்தாள். அந்த டம்ளரைத் தனகோடி எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையைக் கடக்கும்போதெல்லாம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகிறார்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் கலந்தாய்வுக்கு வரச்சொல்லி ஸ்வர்ணலதாவின் போனுக்கு அழைப்பு வந்தது. அசல் சான்றிதழ்களோடு வியாழக்கிழமை வர வேண்டும். சான்றிதழ் கட்டைத் திரும்பக் கேட்டு வாங்க மூவரும் புதன்கிழமை காலையிலேயே பேரவைக்குப் போனார்கள். கோப்பு நான்காவது மதிப்பீட்டாளரிடம் இருக்கிறது என்றாள் ஜெயப்ரியா. மத்தியானம் லோகநாதன் வந்தார்.

"அழைப்பு வந்ததாலேயே தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். இதே மண்டபத்தில் எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது. ஊரையே அழைக்கிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையா?" என்றார். "அறுவைச் சிகிச்சையின் நடுவில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். மருத்துவராக விரும்புகிற பெண்ணின் தகப்பனார் இப்படிக் கேட்கலாமா?"

ஸ்வர்ணலதா அப்பாவின் கையைப் பிடித்து, கேளுப்பா, போய்ட்டு வந்துர்லாம்பா என்றாள். தனகோடி கேட்டார். கெஞ்சினார். பந்தி போடுகிற கூடத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மணிக்கு அலுவலகம் பூட்டப்பட்டது. வெளியே வந்தபோது, போதாத மார்க்கை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய இடத்தில் போய் நின்று அசிங்கப்படுவதைவிட, எல்லாக் குறையும் தீர்த்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போவது மரியாதை என்று தனகோடி மகளிடம் சொன்னார். அது லோகநாதன் சொன்ன வாக்கியம். தன் வாயிலிருந்து அது அட்சரம் பிசகாமல் வருவதை அவரே கேட்டார். வியாழக்கிழமை முழுவதும் பூங்காவனம் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். அவள் பிணைத்த இழைகள் அன்று பட்டுப் பட்டென்று அறுந்துகொண்டே இருந்தன.

கடைசியாகக் கருணை மதிப்பீடு. மருத்துவருக்கு முக்கியம் கருணை. அதை நேரில் பார்த்துத்தான் மார்க் போட முடியும். அதற்காகப் பேரவை ஒரு மாதிரி நோயாளியை வைத்திருந்தது. இன்னாசியம்மாள் என்று பெயர். களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தைத்தவள், ஆலையில் ஆள் குறைத்ததும் இங்கே நோயாளியாகப் படுக்கிற வேலைக்கு வந்திருந்தாள். காலையில் அவளிடம் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அன்றைக்கு அவளுக்கு என்ன வியாதி என்று அதில் இருக்கும். பதினேழு பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகப் போய், அவள் கையைப் பிடித்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, பத்து விநாடி வருத்தமாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு பையன் எட்டாவது விநாடியில் எழுந்துவிட்டதால் அவனுக்கு இரண்டு மார்க் குறைந்தது.

ஸ்வர்ணலதாவின் முறை வந்தபோது சீட்டில் 'இருமல்' என்று இருந்தது. இன்னாசியம்மாள் கடமைக்கு இருமினாள். ஸ்வர்ணலதா கையைப் பிடிக்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"கன்னம் வீங்கிகினு இருக்குதே. வாய தெறங்க."

"உனுக்கு இருமல்தாம்மா குடுத்துகிறாங்க" என்றாள் இன்னாசியம்மாள் மெதுவாக. "பல்லு நாலு நாளா வலிக்குது. அத கேட்டா உனுக்குத்தான் மார்க் போவும்."

ஸ்வர்ணலதா விடவில்லை. போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்திருக்கிறது, இன்றைக்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க, இதை விட்டால் கழுத்துக்கு இறங்கிவிடும் என்றாள். ஓரத்தில் நின்றிருந்த மதிப்பீட்டாளர், 'பாடத்திட்டத்துக்கு வெளியே கருணை காட்டினார்' என்று எழுதி மூன்று மார்க் கழித்தார்.

தீர்ப்பு நாளன்று மேடையில் சரம் கட்டியிருந்தார்கள். இரண்டாவது சுற்று அழைப்பும் வந்துவிட்டிருந்தது. திங்கட்கிழமை சென்னையில் இருக்க வேண்டும், அன்று சனிக்கிழமை. பேர் பேராகக் கூப்பிட்டு, பரணிலிருந்து எடுத்து வந்த கோப்பை மேசைமேல் வைத்து, முடிவைச் சொன்னார்கள். பதினேழு பேரில் பதினாறு பேர் இன்னும் ஒரு வருடம் மதிப்பீட்டில் இருந்தால் தகுதி வந்துவிடும் நிலையில் இருந்தார்கள்.

"செல்வி ஸ்வர்ணலதா" என்றார் லோகநாதன். "ஐம்பத்து மூன்று நாள். ஆறு மதிப்பீட்டாளர்கள். இந்தக் கோப்பின் ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு வரியையும், ஒவ்வொரு எழுத்தையும் பார்த்திருக்கிறோம். கனத்த மனத்தோடு சொல்கிறேன். போதாது."

தனகோடி ஐம்பத்து மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஸ்வர்ணலதா அழவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்காவனம்தான் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினாள். கல்யாண மேடை என்ற பழக்கத்தில் கழற்றியது அது. கோப்பைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலால் முடிச்சைத் தடவினாள். விரலில் சாம்பல் ஒட்டியது.

"இது நான் போட்ட கட்டுங்க" என்றாள்.

லோகநாதன் ஆமோதித்தார்.

"நான் போட்டது அப்படியே கீதுங்க. மூணு முறுக்கு, கடைசி முறுக்கு எதிர்ப்பக்கம். சாம்பல்கூட உதிரல. இத யாருமே பிரிக்கல. உள்ளதான் எம்பொண்ணு மார்க்கு கீது. நீங்க இன்னாத்த பாத்தீங்க?"

மைக் அவள் சொன்னதையும் வாங்கிக் கூடம் முழுக்கப் பரப்பியது. தனகோடிக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் பக்கத்தின் ஏழாவது கேள்வியைத் தாண்டி இந்த மனிதர்கள் ஓர் அங்குலம்கூட உள்ளே போகவில்லை. போகாமல் இருப்பதற்குத்தானே அந்தக் குறையை அவர் வைத்தார்?

லோகநாதன் அசரவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் இப்படி ஒரு கேள்வி வந்ததில் அவருக்கு மகிழ்ச்சி என்றே சொல்ல வேண்டும்.

"அம்மா, நல்ல மதிப்பீட்டாளன் கட்டைப் பிரிக்க மாட்டான். உள்ளே மார்க் இருக்கிறது. மார்க்கைப் பார்த்தால் மனம் சாய்ந்துவிடும். போதும் என்று இருந்தால் போதும் என்று சொல்லத் தோன்றிவிடும். மார்க்கைப் பார்த்து முடிவு சொல்வதற்கு ஒரு குமாஸ்தா போதுமே, பேரவை எதற்கு? தவிர, இவ்வளவு இறுக்கமாகக் கட்டிக் கொடுத்தது விண்ணப்பதாரர் மனம் திறக்காதவர் என்பதைக் காட்டுகிறது. ஜெயப்ரியா, அதையும் சேர்த்துக்கொள்."

ஜெயப்ரியா சேர்த்துக்கொண்டாள். கூடத்தில் ஓர் ஆள்கூட எழுந்து எதுவும் கேட்கவில்லை. மூவரும் கோப்போடு வெளியே வந்தபோது, ஒரு தகப்பன் பின்னாலேயே ஓடி வந்தார். அவர் பிள்ளை அடுத்த வருடமும் மதிப்பீட்டில் இருக்கப்போகிறவன்.

"ஏங்க, அந்தக் கட்டு எங்க போட்டுத் தராங்க? நாங்க சாதா கயிறுதாங்க போட்டோம்" என்றார்.

திங்கட்கிழமை சென்னையில், சான்றிதழ் சரிபார்க்கும் மேசைக்கு முன்னால் பூங்காவனமே முடிச்சை அவிழ்த்தாள். கட்டை விரலால் ஒரு தள்ளு, பிரிந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் மார்க் அட்டையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி பட்டியலைப் பார்த்து, நெற்றியைச் சுருக்கினார்.

"மொத ரவுண்டுலயே கூப்ட்டோமேம்மா. உன் மார்க்குக்கு வேலூர்லயே கெடச்சிருக்கும். ஏன் வரல?"

"போதுமாங்க?" என்றார் தனகோடி.

"இன்னா போதுமா? அதான் சொல்றேனே, தாராளமா இருந்துச்சு. இப்ப எம்பிபிஎஸ் எல்லாம் முடிஞ்சிபோச்சு. பல் டாக்டருக்குத்தான் எடம் கீது. எடுக்கறீங்களா? ஜல்தி சொல்லுங்க, பின்னால நிக்கிறாங்க."

ஸ்வர்ணலதா எடுத்துக்கொண்டாள். தெற்கே, இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். திரும்பி வருகிற பஸ்ஸில் தனகோடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, மகள் முகத்தைப் பார்க்காமலே வந்தார். ஆற்காடு தாண்டியதும் அவள்தான் பேசினாள்.

"பல்லு புடுங்கினாலும் ரத்தம் வரும்ப்பா" என்றாள். "பயப்படாத."

அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் மண்டப வாசலில் பேனர் வைத்தார்கள். ஸ்வர்ணலதாவின் படம், படிவத்தில் ஒட்டியிருந்த அதே படம், ஆள் உயரத்துக்கு இருந்தது. 'ரத்த பயத்தை வென்ற எங்கள் டாக்டர்' என்று போட்டிருந்தது. இன்னாசியம்மாள் அதற்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் வடிந்திருந்தது. பல்லைப் பிடுங்க இரண்டு நாள் விடுப்பு எடுத்ததால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அந்த மாதம் தனகோடி நெய்த சேலையில் இழை நுனி எதையும் விடவில்லை. முந்தியிலிருந்து கடைசிவரை கத்திரி போட்டுச் சுத்தமாக நறுக்கி, தடவிப் பார்த்து, திருப்பிப் போட்டுப் பார்த்து, மடித்து எடுத்துக்கொண்டு முதலாளி கடைக்குப் போனார். மாணிக்கவேல் சேலையைப் பிரித்தார். நேராக முந்திக்கு நாலு விரல் கீழே பார்த்தார். விரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்கய்யா?" என்றார்.

"எதுங்க?"

"இருவது வருசமா இங்கதான வெப்ப. எங்க வெச்ச இந்த வாட்டி?"

தனகோடி சேலையிலிருந்து கையை எடுத்தார். "ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாம? யாரு எங்க வெப்பாங்கன்னு எல்லாம் தெரியும். நீ வெச்சாத்தான் எனுக்கும் வேல ஓடும். பேஜார் பண்ணாத, எங்க கீது?"

"வெக்கலீங்க" என்றார் தனகோடி. "இந்த வாட்டி வெக்கல. முழுசா பிரிச்சி பாருங்க."

மாணிக்கவேல் அவரை நிமிர்ந்து பார்த்தார். எதிரே திறந்திருந்த நோட்டைப் பார்த்தார். சுவரோரம் அடுக்கியிருந்த சேலைகளைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் ஊசியை எடுத்தார். முந்திக்கு நாலு விரல் கீழே, வழக்கமான இடத்தில், ஊசி முனையைக் கொடுத்து ஓர் இழையை மெதுவாக வெளியே இழுத்துவிட்டார்.

"பாத்தியா" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.